தவறப்போகும் பந்து

டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஒரு வழக்கம் இருந்தது. பயிற்சியில் யாராவது ஒரு வீராங்கனையைப் பாராட்டினால் அவர் உடனே ‘டூ பாயிண்ட்ஸ்’ என்று சொல்ல வேண்டும். திருத்தினாலோ திட்டினாலோ ‘ரீபவுண்ட்’ என்று சொல்ல வேண்டும். அதோடு சரி. விளக்கம் கூடாது, சாக்குப்போக்கு கூடாது, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும் கூடாது.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் பேட் சமிட். 1974-இலிருந்து 2012 வரை, 38 பருவங்கள், அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர். 1,098 வெற்றி, 208 தோல்வி, எட்டு தேசியப் பட்டம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்களில்தான் தொடங்குகிறார்கள்; அதில் தப்பில்லை. ஆனாலும் அவருடைய கைவண்ணம் முழுசாகத் தெரிவது அந்த இரண்டு பதில்களில்தான் என்பது என் கட்சி.

திட்டு வாங்கும் இருபது வயதுப் பெண் பொதுவாக மூன்றில் ஒன்றைச் செய்வாள்: காரணம் சொல்வாள், மௌனமாகி உள்ளே புழுங்குவாள், அல்லது கேட்காததுபோல நகர்ந்துவிடுவாள். ஒற்றைச் சொல்லால் இந்த மூன்று வழியையும் சமிட் அடைத்துவிடுகிறார். வாயைத் திறந்து பதில் சொல்லியாக வேண்டும் என்பதால், காதில் விழுந்தது என்பது உறுதியாகிவிடுகிறது. சொன்ன மாத்திரத்தில் விஷயமும் முடிந்துபோகிறது. அடுத்த பந்துக்குப் போகலாம். அதைவிட நுட்பமானது பாராட்டுக்கும் பதில் கேட்டது. திட்டைக் காது கொடுத்துக் கேட்கப் பழக்கும் பயிற்சியாளர்கள் ஏராளம். பாராட்டையும் கூச்சத்தில் தட்டிவிடாமல் கையில் வாங்கிக்கொள்ளப் பழக்க வேண்டும் என்று தோன்றியது அபூர்வம். கூடைக்குள் பந்து விழுந்தால் இரண்டு புள்ளி. அதைக் கணக்கில் எழுதிக்கொள், அப்புறம் தற்காப்புக்கு ஓடு. இவ்வளவுதான் அதன் தொனி.

கண்டனத்துக்கான பதிலாக அவர் தேர்ந்தெடுத்தது ரீபவுண்டை என்பதையும் சும்மா விட முடியாது. கூடையில் விழாமல் துள்ளும் பந்தைக் கைப்பற்றுவதுதான் ரீபவுண்ட். ஆட்டத்தில் சமிட்டுக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். தாக்குதல் ஆட்டம் அரங்கத்தை நிரப்பும், பட்டத்தை வாங்கித் தருவது ரீபவுண்ட் என்று நம்பியவர் அவர். கூடையை நோக்கி எறியப்படும் பந்துகளில் பாதிக்கு மேல் தவறுகின்றன. பந்து கையை விட்டதும் அரங்கம் மொத்தமும் அண்ணாந்து பந்தைப் பார்க்கும். தேர்ந்த ரீபவுண்டர் அந்த நொடியில் பந்தைப் பார்ப்பதில்லை. தன் பக்கத்தில் நிற்கும் எதிரணிக்காரரைத்தான் தேடுகிறார். முன்கையால் ஒரு தொடுதல், அதை வைத்தே ஒரு திரும்பல், இடுப்பைத் தாழ்த்தி அவரை முதுகுக்குப் பின்னால் பூட்டிவிட வேண்டும். பாக்ஸ் அவுட் என்பார்கள். அதற்குப் பிறகுதான் பந்தை நிமிர்ந்து பார்ப்பது. மூலையிலிருந்து எறிந்து தவறிய பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கமாகத் துள்ளிப் போகும் என்பது அந்தக் கால்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். எறிகிற ஒவ்வொரு பந்தும் தவறப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஆட வேண்டும். தன் அணி எறிவதும் அப்படித்தான். கச்சேரியில் தம்புராவுக்கு யாரும் கைதட்டுவதில்லை. இதற்கும் அப்படித்தான், கைதட்டல் கிடையாது. சமிட்டின் அணிகளை நான் விரும்பிப் பார்ப்பதே இதற்காக. பழைய ஆட்டங்களின் பதிவு கிடைத்தால், எறிகிறவரை விட்டுவிட்டு மற்ற நால்வரின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். ஆட்டம் வேறொன்றாகத் தெரியும்.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வைக்கோல் பரணுக்குத்தான் போக வேண்டும். 1952-இல் டென்னசியின் கிளார்க்ஸ்வில்லில் பிறந்தவர். பண்ணைக் குடும்பம், மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. மாலையில் பண்ணை வேலை முடிந்ததும் பரணில் கட்டிய கூடையில் அண்ணன்களோடு ஆட்டம். தன்னைவிட உயரமான மூன்று பையன்களோடு ஆடும் சிறுமிக்குப் பந்து சும்மா கிடைத்துவிடாது. அது தவறி விழும் இடத்தில் முதலில் போய் நின்றால்தான் உண்டு. உள்ளூர் உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை. மகள் ஆட வேண்டும் என்பதற்காகவே அப்பா ரிச்சர்ட் ஹெட், பக்கத்துச் சீட்டம் கவுண்டிக்குக் குடும்பத்தை மாற்றிக்கொண்டு போனார். வாயால் பாராட்டத் தெரியாத மனிதர். மகளுக்காக வீடு மாற்றத் தெரிந்திருந்தது.

1974-இல் மேல்படிப்புக்காக டென்னசி பல்கலைக்கழகம் போனபோது அவருக்கு உதவிப் பயிற்சியாளர் வேலைதான் பேச்சு. இருந்த பயிற்சியாளர் விடுப்பில் போகவே, 22 வயதில் அணி அவர் கைக்கு வந்தது. மாதம் 250 டாலர். அணியில் சிலர் அவரைவிட ஒரு வயதுதான் சின்னவர்கள். சீருடை துவைத்தது அவர், வேன் ஓட்டியது அவர். டோனட் விற்ற காசில் சீருடை வாங்கினார்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையிலேயே படுத்துத் தூங்கிய இரவுகள் உண்டு. கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் வந்து இரண்டே ஆண்டு. சட்டம் வந்த வேகத்துக்குப் பணம் வரவில்லை. முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 83–84 என்று ஒரே புள்ளியில் தோல்வி.

முதல் தேசியப் பட்டம் 1987-இல்தான், பதின்மூன்றாவது பருவத்தில். இடைப்பட்ட காலத்தில் முழங்கால் காயத்திலிருந்து மீண்டு, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் வீராங்கனையாக வெள்ளி வாங்கினார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் ஆண்டு அது. 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பயிற்சியாளராகத் தங்கம்.

அதே எழுபதுகளில் இன்னொரு காரியம் நடந்தது. அவருடைய பட்டங்களில் பாதியைக் கொடுத்து இதை வாங்கலாம் என்பேன். அப்போது டென்னசி உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் ஆடியது அறுவர் ஆட்டம். ஓர் அணியில் மூவர் தாக்குவார்கள், மூவர் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. முழு மைதானமும் ஓடப் பெண்களுக்கு மூச்சு போதாது என்று பெரியவர்கள் எப்போதோ எடுத்த முடிவு. தடுக்கும் பக்கத்தில் நின்ற பெண் பள்ளிக் காலம் முழுவதும் கூடையை நோக்கி ஒரு பந்துகூட எறியாமல் படிப்பை முடித்துவிடலாம். அவளுக்கு எந்தக் கல்லூரி உதவித்தொகை கொடுக்கும்? சமிட்டும் அந்த ஆட்டத்தை ஆடி வளர்ந்தவர்தான். ஒரு பள்ளி மாணவி இதை எதிர்த்து வழக்குப் போட்டபோது அவர் போய்ச் சாட்சி சொன்னார். இப்படியே போனால் சொந்த மாநிலத்துப் பெண்களைத் தன் அணிக்கு எடுக்க முடியாது என்று வெளிப்படையாகவும் பேசினார். எழுபதுகளின் முடிவில் டென்னசி ஐவர் ஆட்டத்துக்கு மாறியது. அணி கட்டுவது என்றால் நல்ல ஆட்களைத் தேடிப் பிடிப்பது என்றுதான் நினைக்கிறோம். நல்ல ஆட்கள் உருவாகும் விதியையே மாற்றப் புறப்பட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஆட்களைத் தேடிப் பிடிப்பதிலும் குறை வைத்தவர் இல்லை. 1990 செப்டம்பரில், பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்த நிலையில், பென்சில்வேனியாவில் மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியின் வீட்டுக்கு விமானத்தில் போனார். அந்தப் பயணத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. பேச வந்ததைப் பேசிவிட்டுத்தான் கிளம்பினார். வழியில் வலி கூடவே வர்ஜீனியாவில் இறக்கிவிடலாம் என்று விமானிகள் பார்த்தார்கள். அவர் சம்மதிக்கவில்லை, பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும். இதில் ஒரு உள்விவகாரம் உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் வர்ஜீனியா அணிதான் கூடுதல் நேரத்தில் அவர்களைத் தோற்கடித்து வெளியேற்றியிருந்தது. அந்த ஆண்டு தேசியப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்ததோ நாக்ஸ்வில்லில், டென்னசியின் சொந்த அரங்கில். தன் வீட்டில் நடந்த கல்யாணத்துக்குத் தன்னை வரவிடாமல் செய்தவர்களின் மண்ணில் மகன் பிறப்பதா? மகன் டைலர் நாக்ஸ்வில்லில்தான் பிறந்தான். இவ்வளவுக்கும் மார்சினியாக் முதலில் சேர்ந்தது வேறொரு பல்கலைக்கழகத்தில்! ஓராண்டு கழித்து டென்னசிக்கு மாறி வந்தார். 1996-இல் பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை அவர்தான்.

பத்திரிகைகள் ஓயாமல் எழுதியது சமிட்டின் முறைப்பைப் பற்றி. நீலக் கண்களை இமைக்காமல் நிறுத்தி ஒரு பார்வை. மார்சினியாக்கின் சட்டையைப் பற்றி இழுத்து முகத்தருகே கத்தும் புகைப்படம் ஒன்றும் பிரபலம். ஆரம்ப காலத்தில், இரவில் அறைக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை மீறிய வீராங்கனைகளுக்காக மைதானத்தின் நான்கு மூலைகளிலும் குப்பைத் தொட்டி வைத்துவிட்டு, வாந்தி வரும்வரை ஓடவிட்ட கதையும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கதைதான். எனக்கு அதை ரசிக்க முடியவில்லை. முறைப்பும் தொட்டியும் எந்தக் கடுமையான பயிற்சியாளருக்கும் வாய்க்கும்.

வாய்க்காதது வேறு. அவருடைய வீராங்கனைகள் வகுப்புக்கு மட்டம் போடக் கூடாது. போனால் முதல் மூன்று வரிசைகளுக்குள் உட்கார வேண்டும். கடைசி வரிசையில் உட்காருகிறவளுக்கு ஆசிரியரின் கண் தப்பும், முன்னால் உட்காருகிறவள் வேறு வழியில்லாமல் கேட்பாள். இதைச் செய்ய செலவு ஏதுமில்லை. அவரிடம் ஆடும் தகுதிக் காலத்தை முடித்த வீராங்கனைகள் அத்தனை பேரும் பட்டம் பெற்றார்கள். 38 பருவத்திலும் இதற்கு விலக்கு இல்லை என்பதைப் படித்தபோது 1,098 என்ற எண் எனக்குக் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

டமிக்கா கேட்சிங்ஸ் பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். சிறு வயதில் மற்ற பிள்ளைகளின் கேலி தாங்காமல் காதுக்கருவியை வீசி எறிந்தவர். டென்னசிக்கு வந்ததும் சமிட் அவரிடம் பேசி, மறுபடி கருவியை அணியவும் பேச்சுப் பயிற்சிக்குப் போகவும் வைத்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்லியாக வேண்டிய மைதானத்தில் ஒருத்திக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டுச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. கேட்சிங்ஸ் பிறகு நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

அந்தக் கேட்சிங்ஸ் முதலாண்டில் ஆடிய 1997–98 அணியைத்தான் சமிட்டின் உச்சம் என்பார்கள். ஷமீக்வா ஹோல்ட்ஸ்க்ளா, செமீக்கா ராண்டல் கூட ஆட, 39 ஆட்டம், 39 வெற்றி. மறுக்கவில்லை. என் ஓட்டு அதற்கு முந்திய ஆண்டு அணிக்கு. பத்து ஆட்டங்களில் தோற்ற அணி அது. பருவத்தின் நடுவில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அதுவரை அவ்வளவு தோல்விகளோடு யாரும் பட்டத்துக்குப் போனதில்லை. அதுவும் ஜெயித்தது. தோல்வியில்லாத அணிக்கு ‘டூ பாயிண்ட்ஸ்’ போதும், பத்து தோல்வி கண்ட அணிக்கு மற்றச் சொல் நாள்தோறும் தேவைப்பட்டிருக்கும்.

ஆண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வருகிறீர்களா என்று பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை விசாரித்தது. அதை ஏன் பதவி உயர்வு என்று நினைக்கிறீர்கள் என்ற தொனியில் திருப்பிக் கேட்டு மறுத்துவிட்டார். 2006-இல் அவருடைய ஆண்டுச் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் எவருக்கும் அதற்கு முன் அது கிடைத்ததில்லை.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தனக்கு அல்சைமர் நோய் தொடங்கியிருப்பதை அவரே அறிவித்தார். இன்னும் ஒரு பருவம் பெஞ்சில் உட்கார்ந்தார். வேலையின் பெரும்பகுதியை ஹாலி வார்லிக் பார்த்துக்கொண்டார். எழுபதுகளின் கடைசியில் அவரிடமே பாயிண்ட் கார்டாக ஆடி, 1985-இலிருந்து உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் வார்லிக். 2012 ஏப்ரலில் செய்தியாளர்கள் முன்னிலையில் சமிட் தன் விசிலை வார்லிக்கிடம் கொடுத்தார். 2016 ஜூனில் சமிட் காலமானார்.

வார்லிக்கின் ஏழு பருவங்களிலும், அடுத்து வந்த பழைய மாணவி கெல்லி ஹார்ப்பரின் ஐந்து பருவங்களிலும், டென்னசி தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள் வரவில்லை. சமிட் கட்டியது அவரோடு போய்விட்டது என்று இதை வைத்துச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் டென்னசியை மட்டும் பார்க்கிறார்கள். சமிட்டிடம் ஆடிய காரா லாஸன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீராங்கனையாகத் தங்கம் வாங்கினார். டோக்கியோவில் அமெரிக்காவின் மூவர் ஆட்ட அணிக்குப் பயிற்சியாளராக இன்னொரு தங்கம். இப்போது அவருடைய அணி டியூக் பல்கலைக்கழகம். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒலிம்பிக் பதக்கம் என்ற கணக்கில் ஆசிரியருக்கு ஒன்று வெள்ளி, ஒன்று தங்கம். மாணவிக்கு இரண்டுமே தங்கம்.