விக்டிம் (1961): நல்ல போலீஸ்காரர் ஒருவர்

போன வாரம் 'விக்டிம்' படத்தை இரண்டாவது தடவையாகப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது, 1961-லேயே இப்படி ஒரு படமா என்று அசந்துபோனேன். இந்தத் தடவை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. படத்தில் ஹாரிஸ் என்று ஒரு இன்ஸ்பெக்டர் வருகிறார். ரொம்ப நல்லவர். அவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. கதை முடிவையும் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.

முதலில் கதை. லண்டனில் பாரெட் என்ற இளைஞன், வேலை செய்யும் கம்பெனியில் 2,300 பவுண்டு திருடிவிட்டு ஓடுகிறான். பணம் அவனுக்கு இல்லை, மிரட்டிப் பறிக்கும் கும்பலுக்கு. அவர்கள் கையில் இருப்பது ஒரு ஃபோட்டோ. மெல்வில் ஃபார் என்ற பிரபல வக்கீலின் காரில் பாரெட் உட்கார்ந்து அழுகிறான், அவ்வளவுதான் படம். ஃபாரைக் காப்பாற்றத்தான் இவன் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். போலீஸ் பிடித்து எவ்வளவு கேட்டும் பேரைச் சொல்லாமல் லாக்கப்பில் தூக்குப் போட்டுக்கொள்கிறான். அதன்பிறகு ஃபார் தானே அந்தக் கும்பலைத் தேடிக் கிளம்புகிறார். கோர்ட்டில் சாட்சி சொன்னால் தொழில் போய்விடும் என்று தெரிந்தும் சொல்ல முடிவெடுக்கிறார்.

இதில் இன்ஸ்பெக்டரின் பங்கு என்ன? இந்தச் சட்டம் மிரட்டுகிறவனுக்குத்தான் லாபம் என்று அவரே சொல்கிறார். முகம் சுளிக்கும் உதவியாளரைத் திருத்துகிறார். ஃபாரின் பக்கம் நிற்கிறார். அதாவது படத்தில் வில்லன் மிரட்டிப் பணம் பறிப்பவன், போலீஸ் துணைக்கு வருகிறவர்.

இனி நிஜத்துக்கு வருவோம். 1885-ல் வந்த சட்டப்படி, இரண்டு ஆண்கள் சம்மதித்துத் தனியறையில் கூடினாலும் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை. 1950-களில் அதைப் போலீஸ் எப்படிப் பயன்படுத்தியது?

1952-ல் கணிதமேதை ஆலன் டூரிங் வீட்டில் திருட்டு. அவர்தான் போலீசுக்குப் போனார். விசாரணையில் ஒரு இளைஞனோடு தனக்கிருந்த உறவு வெளிவர, திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளி ஆனார். சிறைக்குப் பதில் ஹார்மோன் ஊசி. 1954-ல் இறந்துபோனார்.

1953-ல் நடிகர் ஜான் கீல்குட். ஜூனில் 'சர்' பட்டம் வாங்கியவரை அக்டோபரில் ஒரு பொதுக் கழிப்பறையில் பிடித்தது மஃப்டி போலீஸ். 10 பவுண்டு அபராதம். மறுநாள் பத்திரிகையெல்லாம் அதுதான்.

1954-ல் மாண்டேகு பிரபு வழக்கு. விமானப்படை வீரர் ஒருவரின் உடைமைகளைச் சோதித்தபோது, பத்திரிகையாளர் பீட்டர் வைல்டுபிளட் அவருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அந்த வீரரையும் இன்னொருவரையும் தண்டிக்காமல் விட்டு, அரசுத் தரப்புச் சாட்சியாக்கினார்கள். வைல்டுபிளட்டுக்குப் பதினெட்டு மாதம் சிறை.

இந்த மூன்று சம்பவங்களையும் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பாருங்கள். கடிதத்தைத் தேடிக் கண்டுபிடித்தது யார்? இருவரில் ஒருவரை மற்றவருக்கு எதிராகத் திருப்பியது யார்? படம் மிரட்டும் கும்பல்மேல் ஏற்றிய வேலைகளில் பாதியை நிஜத்தில் செய்தது போலீஸ். பணம் மட்டும்தான் கேட்கவில்லை.

இயக்குனர் பாசில் டியர்டனுக்கு இது தெரியாதா? தெரியாமல் இருக்காது. பாரெட் எதற்கு ஓடுகிறான்? ஃபாரைப் பற்றிய செய்திகளை வெட்டி ஒட்டிவைத்த நோட்டை எதற்கு அழிக்கப் பார்க்கிறான்? போலீஸ் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். படத்தின் முதல் பத்து நிமிஷம் முழுக்க இந்த பயம்தான். அப்புறம் ஹாரிஸ் கனிவாகப் பேச ஆரம்பித்ததும் பயம் காணாமல் போய்விடுகிறது. பாரெட் செத்தது போலீஸ் காவலில் என்பதுகூட நமக்கு மறந்துபோகிறது.

என் கணிப்பு, இது ஒரு பேரம். இதைக் குற்றமாகக் கருத வேண்டாம் என்று வுல்ஃபெண்டன் கமிட்டி 1957-லேயே சொல்லிவிட்டது, அரசாங்கம் அசையவில்லை. சாதாரண ரசிகனின் மனசை மாற்றவேண்டும், சென்சாரையும் தாண்டவேண்டும். அதனால் கதாநாயகன் மதிப்பான வக்கீல், கல்யாணமானவர், ஆசைப்பட்டாரே தவிர எதுவும் செய்யாதவர். போலீஸ் நல்லவர். இவ்வளவு விட்டுக்கொடுத்தும் 'எக்ஸ்' சான்றிதழ்தான் கிடைத்தது.

பேரம் பலித்தது என்றும் சொல்லவேண்டும். 1967-ல் சட்டம் மாறியது. அதில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் மாறிய சட்டத்தைப் படித்தால் படத்தின் பேரம் அப்படியே அதில் இருக்கிறது. இருவருக்கும் 21 வயது ஆகியிருக்கவேண்டும். தனிமையில் இருக்கவேண்டும். ராணுவத்தில் இருந்தால் கிடையாது. ஸ்காட்லாந்துக்குக் கிடையாது. சொந்த வீடும் கதவும் உள்ள ஃபாருக்குப் பாதுகாப்பு. போக இடமில்லாத பாரெட்டுக்கு? 1967-க்குப் பின் வந்த வருஷங்களில் வழக்குகள் குறையவில்லை, கூடின.

அதனால்தான் இந்தத் தடவை என் கண் ஃபார்மேல் நிற்கவில்லை. ஹென்றி என்ற முடிதிருத்துபவர்மேல் நின்றது. நாலு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவர். கடையை விற்றுவிட்டு நாட்டைவிட்டே போகப் பார்க்கிறார். மிரட்டுகிறவன் வந்து கடையை அடித்து நொறுக்கும்போது மாரடைப்பில் சாகிறார். அந்த நாலு தடவையும் அவரை உள்ளே தள்ளியவர் எந்த இன்ஸ்பெக்டர்? படம் கேட்கவே இல்லை.

இவ்வளவு குறை சொன்னாலும் டர்க் போகார்டைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பெண் ரசிகைகள் கொண்டாடிய நட்சத்திரம், நாற்பதாவது வயதில் இந்த வேஷத்தை ஏற்றார். அந்த இளைஞனை விரும்பினேன் என்று ஃபார் மனைவியிடம் உடைந்துபோய் ஒப்புக்கொள்ளும் காட்சியை எழுதியதே அவர்தான் என்கிறார்கள். நிஜத்தில் அவர் பல வருஷம் அந்தோனி ஃபார்வுட்டோடு ஒரே வீட்டில் வாழ்ந்தார். கேட்டவர்களிடம் கடைசிவரை சொன்னது, அவர் என் மேனேஜர் என்றுதான். சட்டம் மாறி முப்பது வருஷம் கழித்தும் அதே பதில். இதைக் கோழைத்தனம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 50-களில் அவருக்கு வயது முப்பது சொச்சம். கீல்குட் கைதான செய்தியை அவரும் படித்திருப்பார் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

படத்தைப் பார்க்கிறவர்கள் வைல்டுபிளட் 1955-ல் எழுதிய 'அகெய்ன்ஸ்ட் த லா' புத்தகத்தையும் சேர்த்துப் படியுங்கள். கோர்ட்டில் நின்று தான் தன்பாலீர்ப்பாளன் என்று ஒப்புக்கொண்டவர் அவர். ஃபார் எடுக்கும் முடிவை ஏழு வருஷம் முன்பே எடுத்தவர். அவருக்கு உதவ எந்த இன்ஸ்பெக்டரும் வரவில்லை.