தொட்டிக்கும் பட்டைக்கும் இடையே ஒரு கல்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடிப் பக்கம் வயது முதிர்ந்த ஒருவர் மற்றொருவரைப் பற்றி, ‘அவன் லேசுப்பட்டவன் இல்லை, சரியான எம்டன்’ என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த கப்பல் அது. ஏழு வாரத்துக்குள், நவம்பர் 9 அன்று, கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலொன்று அதன் கதையை முடித்தது. தமிழோ அதற்குச் சாமர்த்தியசாலி என்னும் பொருளைக் கொடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அன்றிரவு மாண்டவர்களைப் பற்றி அச்சொல் ஏதும் சொல்வதில்லை.

பகைவனின் படைக்கலம் ஆபத்தற்றதாகி நம் முன் நிற்கும்போது அச்சம் விலகி, அந்த இடத்தில் வியப்பு வந்து அமர்கிறது. சொல்லில் நேர்ந்த இம்மாற்றம் அருங்காட்சியகக் கூடங்களிலும் நேர்கிறது. அருங்காட்சியகமும் ஒரு பனுவலே. எதைச் சொல்கிறது, எதை விழுங்கிவிடுகிறது என்று அதனையும் திறனாய்வுக்கு உட்படுத்தலாம். பெயர், நீளம், வேகம், சுமக்கும் எடை: எந்நாட்டுக் கூடமாயினும் அறிவிப்புப் பலகையின் இலக்கணம் பெரும்பாலும் இதுவே. இதில் எழுவாய் எப்போதும் இயந்திரந்தான். மனிதன் ஒரு வேற்றுமை உருபாகக்கூட வருவதில்லை.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. தில்லியில் பாலம் என்னுமிடத்தில் (பெயரைக் கண்டு ஆற்றைத் தேட வேண்டியதில்லை) இந்திய விமானப்படையின் அருங்காட்சியகம் உள்ளது. அங்கே ஸ்பிட்பயர், ஹரிக்கேன் போன்ற விமானங்களோடு ஜப்பானியரின் ‘ஓகா’ ஒன்றும் இருக்கிறது. நீளம் 6 மீட்டர். மூக்கில் 1200 கிலோ வெடிமருந்து. தரையிறங்கச் சக்கரம் இல்லை. திரும்பி வருவதற்கென்று அது செய்யப்படவில்லை. பெரிய விமானம் ஒன்றின் வயிற்றில் தொங்கிச் சென்று, விடுபட்டபின் எதிரிக் கப்பலை நோக்கிப் பாயவேண்டும். உள்ளே ஓர் இளைஞன் உட்கார்ந்திருப்பான். 1945 மார்ச் 21 அன்று முதன்முறையாக இவற்றைச் சுமந்து சென்ற விமானங்கள் யாவும் இலக்கை அடையுமுன்பே வீழ்த்தப்பட்டன. ஓகா என்றால் செர்ரிப் பூ. அமெரிக்கர் அதற்கு வைத்த பெயர் ‘பாகா’. ஜப்பானிய மொழியில் முட்டாள் என்று பொருள். பூவென்றவர்களும் முட்டாளென்றவர்களும் உள்ளே இருந்தவனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

ஜெர்மனியும் இதனையொத்த, ஆள் ஏறிச் செலுத்தும் பறக்கும் குண்டு ஒன்றைச் செய்தது; ஆனால் போரில் பயன்படுத்தவில்லை. அவற்றுள் ஒன்று கனடாவின் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. கைப்பற்றிய ஜெர்மன் விமானங்களைப் பேணுவதில் கனடா கைதேர்ந்த நாடு. ஒட்டாவாவிலுள்ள தேசிய விமான அருங்காட்சியகத்தில், முதல் உலகப் போரில் குண்டு வீசிய ஏ.இ.ஜி. இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று இருக்கிறது. உலகில் அவ்வகையில் எஞ்சியது அது ஒன்றே. இரண்டாம் போரின் ‘கோமெட்’ விமானமும் அங்கே உண்டு. நாம் சற்று நின்று நோக்க விரும்புவது, கனடாவில் செப்பனிடப்பட்டு, 1999 முதல் அமெரிக்காவின் டேட்டன் நகரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் இன்னொரு கோமெட்டை.

கோமெட் ராக்கெட் விசையால் பறந்த போர் விமானம். மணிக்கு ஏறத்தாழ 950 கிலோமீட்டர் வேகம். எரிபொருள் தாங்குவதோ எட்டு நிமிடத்துக்கும் குறைவு. ஒன்றோடொன்று சேர்ந்தவுடன் பற்றியெரியும் இரு திரவங்கள் அதன் தொட்டிகளில் இருந்தன. கசிந்தால் எதிரி வேண்டியதில்லை, விமானமே தன் விமானியைக் கொன்றுவிடும். இந்த விமானத்தைப் பிரித்துச் செப்பனிட்டவர்கள், எரிபொருள் தொட்டிக்கும் அதைத் தாங்கும் பட்டைக்கும் இடையே கல் செருகப்பட்டிருப்பதைக் கண்டார்கள். இறக்கையை ஒட்டிய பசையிலும் கலப்படத்தின் அறிகுறி இருந்தது. உடற்பகுதியின் உட்புறத்தில் பிரெஞ்சு மொழியில் எழுத்துகள் காணப்பட்டன.

பிரான்சின் இளைஞர்களை ஜெர்மன் ஆலைகளுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பும் சட்டம் 1943 பிப்ரவரியில் இயற்றப்பட்டது. அவ்வாறு சென்றவர்களுள் ஒருவரை நம் வாசகர் சிலர் அறிவர்: அச்சுக் கோப்பவரும் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தவருமான மார்செல் காலோ. படைக்கலத் தொழிற்சாலையில் உழைத்த அவர், கைதாகி, மௌத்தவுசன் முகாமில் 1945 மார்ச் 19 அன்று இறந்தார். 1987-இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். கோமெட்டில் கல்லைச் செருகிய கைக்கு இப்படியொரு பெயர் இல்லை.

இராஜபாளையத்தில் ஆலைச் சங்கொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கல் எளிதில் விளங்கும். நூற்பாலையில் அறுந்த இழையை இணைப்பவர் கொஞ்சம் கவனம் பிசகினால் போதும். அது நெய்த துணியில்தான் தெரியவரும். பொறியியலாளன் வரைபடத்தில் கையெழுத்திடுகிறான், தொழிலாளியோ பொருளின் உள்ளே கையெழுத்திடுகிறான். ஆகவே அந்த விமானம் முழுவதிலும் நம்மால் வாசிக்கக்கூடிய முதல் மனிதச் சொல் அந்தக் கல்லே என்போம். டேட்டன் அருங்காட்சியகம் அதனை மறைக்காமல் பார்வையாளருக்குச் சொல்லியிருப்பது பாராட்டுக்குரியது.

ஆனால் இங்கே நாம் அவசரப்பட்டு அக்கல்லுக்கு மாலை சூட்டிவிடலாகாது. அது யாரைக் கொல்லச் செருகப்பட்டது? ஆலையை நடத்திய முதலாளியை அன்று. சட்டம் இயற்றிய அமைச்சனை அன்று. இருக்கையில் அமரப்போகும், ஒருவேளை செருகியவனின் வயதேயான, ஓர் இளைஞனை. அவன் நகரங்களைக் காக்கப் பறக்கிறவனா, அடிமை முகாம்களைக் காக்கப் பறக்கிறவனா என்றால், இரண்டுமேதான். வீரச்செயல் என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், பழைய பலகையின் இலக்கணத்துக்கே திரும்பிவிடுகிறோம். எழுவாயில் இயந்திரத்துக்குப் பதில் கல் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவே. கல்லையும் இருக்கையையும் ஒருசேரப் பார்க்கச் செய்யும் கூடமே நல்ல கூடம். அத்தகைய கூடங்கள் மிகச் சில என்பது எம் துணிபு.

இராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. மருத்துவமனைகளுக்குச் செல்லும் அந்த மெல்லிய வெள்ளைத் துணியைப் போர் விமானக் கூடம் எதிலும் காட்சிக்கு வைக்கத் தோன்றுவதில்லை. ஆயுதத்துக்கு எதிரே அதனால் விளைந்த காயத்தின் சுவடு ஒன்றேனும் இருக்கவேண்டாமா என்று கேட்டால், இடமில்லை என்பார்கள். இன்னொரு எஞ்சினை வைக்க மட்டும் இடம் கிடைத்துவிடும்.

தில்லிக்குச் செல்லும் வாசகர்கள் பாலத்து ஓகாவின் முன் சற்று நேரம் நிற்பார்களாக. அதன் இறக்கை மரத்தாலானது. 1944-க்குப்பின் ஜப்பானில் பள்ளி மாணவ மாணவியரையும் போர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த மரத்தை இழைத்தது யாருடைய கை, உள்ளே அமர்வதற்கென்று பயிற்சி பெற்றவனுக்கு வயது என்ன என்று உடன்வரும் பிள்ளைகள் கேட்டால், பலகையை வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த விமானத்துக்கு நகர்ந்துவிட வேண்டாம்.