ஜாய்ஸின் பள்ளிக்கூடம்: ஒரு மறுவாசிப்புக் குறிப்பு

ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு மலரை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். நிறுவியவர் படம், கட்டடம் எழும்பிய கதை, தலைமையாசிரியர்கள் வரிசை, ஜெயித்த கோப்பைகள், பெரிய பதவிக்குப் போன மாணவர்கள், எல்லாம் இருக்கும். அடி மட்டும் இருக்காது. இருந்தாலும் 'அந்த அடிதான் எங்களை ஆளாக்கியது' என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

ஜேம்ஸ் ஜாய்ஸின் 'எ போர்ட்ரெயிட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் ஆஸ் எ யங் மேன்' 1916இல் வெளிவந்த நாவல். ஒரு இளைஞன் மதத்தையும் தேசத்தையும் உதறிவிட்டுக் கலைஞனாகும் கதை என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். இருபது வயதில் நானும் அப்படித்தான் படித்தேன். நாற்பது தாண்டியபிறகு இப்போது எடுத்தபோது வேறு மாதிரி தெரிந்தது. முதல் மூன்று அத்தியாயங்களும் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்றின் வரலாறு. நூற்றாண்டு மலர் எழுதாமல் விட்ட பகுதி.

முதலில் பள்ளியைப் பார்ப்போம். அயர்லாந்தில் கில்டேர் மாவட்டத்தில் ஒரு பழைய கோட்டையை வாங்கி, சேசு சபையின் பீட்டர் கென்னி 1814இல் க்ளாங்கோஸ் வுட் பள்ளியைத் தொடங்கினார். 1773இல் போப்பாண்டவரால் கலைக்கப்பட்ட சேசு சபை மறுபடி உயிர்பெற்றதும் அதே 1814இல்தான். ஜாய்ஸ் அங்கே 1888இல் சேர்ந்தார். வயது ஆறரை. 1891இல் அப்பாவின் கையில் பணம் வற்றியதும் பள்ளியை விட்டு வெளியே வந்தார். பிறகு 1893 முதல் 1898 வரை டப்ளினில் பெல்வெடியர். அதுவும் சேசு சபைப் பள்ளிதான்.

இந்தப் பள்ளிகளின் மரபுக்கு மூல ஆவணம் ஒன்று உண்டு. 1599இல் சபை வெளியிட்ட 'ரேஷியோ ஸ்டூடியோரம்' என்ற கல்வி விதித்தொகுப்பு. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து ஒருவனோடு ஒருவனை மோதவிடு என்று அது சொல்கிறது. நாவலில் ஸ்டீபனின் கணக்கு வகுப்பு யார்க், லங்காஸ்டர் என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அவன் சட்டையில் வெள்ளை ரோஜா, எதிரணிப் பையன் சட்டையில் சிவப்பு ரோஜா. கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கும்போது அவன் யோசிப்பதோ ரோஜாவின் நிறங்களைப் பற்றி. முந்நூறு வருஷப் போட்டி விதி ஒரு சின்னப் பையனுக்குள் இறங்கும்போது எப்படித் திசைமாறுகிறது என்பதை எந்தக் கல்வி வரலாற்றிலும் நான் இவ்வளவு சுருக்கமாகப் படித்ததில்லை.

இன்னொரு உதாரணம். சேசு சபைப் பள்ளிகளில் கட்டுரையின் தலையில் 'ஏ.எம்.டி.ஜி.' என்றும் அடியில் 'எல்.டி.எஸ்.' என்றும் எழுத வேண்டும். இறைவனின் மேலான மகிமைக்காக, இறைவனுக்கு என்றென்றும் புகழ் என்பவற்றின் லத்தீன் முதலெழுத்துகள். நம்ம ஊர்ப் பிள்ளையார் சுழி மாதிரி. பிற்பாடு ஸ்டீபன் ஒரு பெண்ணை நினைத்துக் கவிதை எழுத உட்காரும்போது, பழக்கதோஷத்தில் கை தானாக ஏ.எம்.டி.ஜி. போட்டுவிடுகிறது. மரபு என்பது கொள்கையாக இருப்பதைவிட கைப்பழக்கமாகத்தான் அதிகம் இருக்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சைக்கிள் ஓட்டிய ஒருவன் மோதி, கரித்தூள் பாதையில் விழுந்து ஸ்டீபனின் கண்ணாடி உடைந்துவிடுகிறது. கண்ணாடி வரும்வரை எழுத வேண்டாம் என்று வகுப்பாசிரியரே விலக்குக் கொடுத்திருக்கிறார். அப்போது படிப்புக்குப் பொறுப்பான ஃபாதர் டோலன் உள்ளே வருகிறார். எழுதாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று முடிவுகட்டி, திமிங்கல எலும்பு வைத்துத் தைத்த தோல்பட்டையால் இரண்டு கையிலும் அடிக்கிறார்.

எல்லாரும் இதை அநியாயத்தின் காட்சி என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் ஸ்டீபன் திரும்பத் திரும்ப நினைப்பது வேறொன்றை. அடிப்பதற்கு முன் கையை நேராகப் பிடித்துவைத்த பாதிரியாரின் விரல்கள். அவை மென்மையாக இருந்தன. கை குலுக்கத்தான் பிடிக்கிறார் என்று ஒரு நொடி அவன் நினைத்துவிட்டான்.

இதற்கும் ரேஷியோவுக்கும் ஒரு தொடர்பு இருப்பது எனக்கு இந்தத் தடவைதான் உறைத்தது. மாணவனை அடிக்க வேண்டிவந்தால் சேசு சபையைச் சேராத ஒருவரை அதற்கென்று நியமிக்க வேண்டும் என்று 1599 விதி சொல்கிறது. பாடம் சொல்லும் கை, திருப்பலி நிறைவேற்றும் கை, அடிக்கும் கையாக இருக்கக் கூடாது. ஸ்டீபன் படித்த வகுப்பில் அந்த இடைவெளி போய்விட்டது. இந்த விதியைப் பற்றி அந்தச் சிறுவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த விதி எதற்கு அஞ்சி எழுதப்பட்டதோ, அது அப்படியே அவன் உள்ளங்கையில் நடக்கிறது. மரபை உதறிய நாவல் என்கிறார்கள். இந்த இடத்தில் மரபை மறந்தது பள்ளிதான், நாவல் அல்ல.

ஜாய்ஸிடம் எனக்குக் குறையே இல்லை என்று நினைக்க வேண்டாம். இரண்டு இருக்கிறது.

ஒன்று. க்ளாங்கோஸின் தண்டனைப் பதிவேடு பிழைத்திருக்கிறது. எங்கள் தொழிலில் லாக் ஃபைல் என்போமே, அது மாதிரி. அதில் 1889 மார்ச்சில் ஜாய்ஸுக்குக் கெட்ட வார்த்தை பேசியதற்காக நான்கு அடி என்று பதிவு. நாவலின் ஸ்டீபனோ ஒரு குற்றமும் செய்யாதவன். பாவமே அறியாத பையனை அடித்தால் கோபப்படுவது சுலபம். கெட்ட வார்த்தை பேசிய ஏழு வயதுப் பையனை அடித்தபோதும் அதே கோபம் வருமா? அந்தக் கஷ்டமான கேள்வியிலிருந்து ஜாய்ஸ் நம்மைத் தப்பவிட்டுவிட்டார்.

இரண்டு, இது பெரிய குறை. க்ளாங்கோஸுக்கும் பெல்வெடியருக்கும் நடுவில், 1893இல் ஜாய்ஸ் கொஞ்ச காலம் கிறிஸ்தவ சகோதரர்கள் சபையின் பள்ளியில் படித்தார். ஏழைப் பையன்களுக்காக எட்மண்ட் ரைஸ் 1802இல் வாட்டர்ஃபோர்டில் தொடங்கிய பணியின் தொடர்ச்சி அந்தப் பள்ளிகள். நாவலில் அந்த மாதங்களே கிடையாது. அங்கே படிக்கும் பையன்களைப் பற்றி ஸ்டீபனின் அப்பா இளக்காரமாகப் பேசும் ஒரு பேச்சு மட்டும் இருக்கிறது. இத்தனைக்கும் 'அராபி' சிறுகதை அந்தத் தெருவிலும் அந்தப் பள்ளியிலும்தான் தொடங்குகிறது. மறந்துபோய் விடவில்லை, தெரிந்தே நீக்கியிருக்கிறார். கலைஞனின் வம்சாவளியில் ஏழைகளின் பள்ளிக்கு இடமில்லை போலும். நூற்றாண்டு மலர்கள் செய்யும் அதே வேலை.

ஆனால் அவர் விட்டுக்கொடுக்காத ஓர் இடம் இருக்கிறது. அடிபட்ட ஸ்டீபன், ரெக்டரிடம் முறையிடத் தனியாகப் போகிறான். இருட்டு நடைவழி. சுவரில் இஞ்ஞாசியார், சவேரியார், இளம் வயதிலேயே இறந்த ஞானப்பிரகாசியார் படங்கள். பீட்டர் கென்னியின் படமும் உண்டு. நம்ம முத்துக்குளித்துறையில் நடந்து திரிந்த அதே சவேரியார்தான். நூற்றாண்டு மலரின் முதல் பத்துப் பக்கத்தை ஒரு பயந்த பையன் நடந்து கடக்கிறான். ரெக்டர் கான்மீ கனிவாகக் கேட்கிறார், டோலனிடம் பேசுகிறேன் என்கிறார். வெளியே வந்தவனைப் பையன்கள் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். (அடித்த பாதிரியாரின் நிஜப் பெயர் ஜேம்ஸ் டேலி. அதை மாற்றிய ஜாய்ஸ், கான்மீயின் பெயரை மாற்றவில்லை. பிற்பாடு பெல்வெடியரில் இலவசமாகப் படிக்க வழிசெய்தவர் அவர்.)

இத்தோடு நின்றிருந்தால் அது நல்ல பள்ளிக்கதை. அடுத்த அத்தியாயத்தில் அப்பா வீட்டுக்கு வந்து சொல்கிறார்: கான்மீயைப் பார்த்தேன், அந்தச் சமாசாரத்தைச் சாப்பாட்டு மேசையில் சொல்லி டோலனும் தானும் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொன்னார் என்று. ஸ்டீபன் அதற்கு என்ன நினைத்தான் என்று ஜாய்ஸ் ஒரு வார்த்தை எழுதவில்லை. கனிவான மனிதர்தான் சிரித்தார். அதுதான் வலிக்கிறது.

நானும் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்றில் படித்தவன். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், செய்யாத தப்புக்கு அடி வாங்கி, நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனான். எங்களில் யாருக்கும் இல்லாத தைரியம். இரண்டு வருஷம் முன்பு நடந்த பழைய மாணவர் சந்திப்பில் யாரோ மைக்கில் அதை நடித்துக் காட்டினார்கள். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் வந்திருக்கவில்லை.

அயர்லாந்தில் பள்ளிகளில் அடிப்பது 1982இல்தான் விலக்கப்பட்டது. இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்தது. சட்டம் பிரம்பை நிறுத்தலாம். சிரிப்பை நிறுத்த முடியாது. அந்தச் சிரிப்பைப் பதிவு செய்ததற்காகத்தான் ஜாய்ஸின் இரண்டு குறைகளையும் தாண்டி இந்த நாவலைப் பள்ளிக்கூட வரலாறு என்று அழைக்கிறேன்.

எங்கள் பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். அந்த நண்பனின் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவன் சரி என்று சொன்னால் அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.