திரையில் யானையும் வகுப்பறைக் குழந்தையும்

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் அடுக்குமாடி வீட்டில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு யானை எங்கே அறிமுகமாகிறது? கோயிலில் பிள்ளையாரின் திருமுகத்தில் அறிமுகமாகிறது. பாடநூலின் படத்தில் அறிமுகமாகிறது. 1963ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தேசிய மிருகக்காட்சி சாலைக்குப் பள்ளிச் சுற்றுலா செல்லும் நாளில் வேலிக்கு அப்பால் அறிமுகமாகிறது. காட்டில் மட்டும் அறிமுகமாவதில்லை. அக்குழந்தையின் பாட்டனாருக்கோ காடு என்பது அச்சத்திற்குரிய இடம். வெட்டித் திருத்தப்பட வேண்டிய இடம். கிள்ளான் தொடங்கிப் பள்ளத்தாக்கெங்கும் காடு திருத்தி இரப்பர்க் கன்று நட்ட கைகளுள் தமிழர் கைகளே மிகுதி. பாட்டனார் அஞ்சிய காட்டைப் பேரன் அறியவே இல்லை. அறியாத ஒன்றைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அவன் நெஞ்சில் எங்ஙனம் தோன்றும்?

திரைப்படம் அவ்வெண்ணத்தைத் தோற்றுவிக்கும் என்பது பலருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கை எந்த அளவுக்கு உண்மையானது என்பதைத் தமிழ் பேசும் ஒரு விவரணப்படத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 2022ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்து, 2023ஆம் ஆண்டு மார்ச்சில் சிறந்த குறும் விவரணப்படத்திற்கான ஆஸ்கார் விருதினைப் பெற்ற ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ என்பதே அப்படம். இயக்கியவர் கார்த்திகி கொன்சால்வெஸ்.

யானையைப் பார்த்த முறைகள்

தமிழ் இலக்கியத்திற்கு யானை புதிதன்று. கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ ஓர் யானைக் குடும்பத்தைக் காட்டுகிறார். வறண்ட காட்டில் எஞ்சியிருக்கும் சிறிதளவு நீரைக் கன்று கலக்கிவிடுகிறது. களிறு அந்நீரை முதலில் பிடிக்கு ஊட்டிப் பின்னரே தான் உண்கிறது. அங்கே யானை எவருக்கும் பணி செய்யவில்லை. தன் குடும்பத்தோடு தன் வாழ்வை வாழ்கிறது. முல்லைப்பாட்டில் நாம் காண்பது வேறொரு யானை. பாசறையில் நிற்கும் அதனைப் பாகர்கள் வடமொழிச் சொற்களால் பழக்கிக் கவளம் உண்ணச் செய்கின்றனர். முன்னது காட்டு யானை. பின்னது மனிதனுக்குரிய யானை.

தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் பின்னதையே பற்றிக்கொண்டது. தேவர் பிலிம்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட ‘நல்ல நேரம்’ படத்தில் யானைகள் கதைத் தலைவனின் தோழர்கள், அவனுக்காக உழைப்பவர்கள். 1979இல் வந்த ‘அன்னை ஓர் ஆலயம்’ படத்தில் தாயையும் கன்றையும் பிரித்த வேட்டைக்காரன் மனம் மாறுகிறான். தாயன்பின் பெருமையே அதன் பொருள். காட்டின் நிலை அதில் பேசப்படவில்லை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத்திரை கட்டிக் காட்டப்பட்ட இத்தகைய படங்களைக் கண்டு கைதட்டிய தலைமுறை யானையின்மீது அன்பு கொண்டது உண்மை. ஆயின், யானைக்கு வழி வேண்டும், நீர் வேண்டும், காடு வேண்டும் என்னும் அறிவை அத்தலைமுறை அப்படங்களிலிருந்து பெறவில்லை.

இங்கு இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 1946இல் தொடங்கப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவு உருவாக்கிய செய்திப் படங்கள் தமிழிலும் பேசின. படம் காட்டும் வண்டிகள் அவற்றைத் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் கொண்டு சென்றன. மக்களிடம் ஒரு கருத்தைச் சேர்க்க வேண்டுமெனில் அவர்கள் இருக்குமிடத்திற்குச் சென்று அவர்கள் மொழியில் காட்ட வேண்டும் என்பதை அக்காலத்து அரசு அறிந்திருந்தது. காட்டுயிர்ப் படங்களுக்கும் அவ்விதி பொருந்தும்.

படத்தின் சிறப்பு

நீலகிரி அடிவாரத்தில், முதுமலைக் காட்டில் அமைந்த தெப்பக்காடு யானைகள் முகாமே படத்தின் களம். காட்டுநாயக்கர் இனத்தைச் சார்ந்த பொம்மனும் பெள்ளியும், தாயை இழந்த இரகு என்னும் கன்றை வளர்க்கின்றனர். பெள்ளியின் முதற் கணவரைப் புலி கொன்றது. அவர் தம் மகளையும் இழந்தவர். அப்பெண்ணின் துயரைக் கன்றின் துள்ளல் ஆற்றுகிறது. பின்னர் அம்மு என்னும் மற்றொரு கன்றும் வந்து சேர்கிறது. கன்றுகளை வளர்க்கும் பணியில் இணைந்த இருவரும் திருமணம் செய்துகொள்கின்றனர். வளர்ந்துவிட்ட இரகு வேறொரு பாகரிடம் ஒப்படைக்கப்படும்போது, பெற்ற பிள்ளையைப் பிரிந்தவர்போல் இருவரும் கலங்குகின்றனர். நாற்பது நிமிட அளவே ஓடும் படத்தில் கதை இவ்வளவே.

இதன் தலையாய சிறப்பு மொழி. காட்டுயிர்ப் படம் என்றாலே முகம் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் விளக்கம் கூறுவதும், விலங்கு மட்டும் திரையில் நடமாடுவதும் வழக்கம். இங்கு விளக்கவுரையாளர் எவரும் இல்லை. பொம்மனும் பெள்ளியும் தாமே தமிழில் பேசுகின்றனர்; கன்றை வைகின்றனர்; கொஞ்சுகின்றனர். கிள்ளானில் இப்படத்தைக் காணும் தமிழ்ச் சிறுவன் அடிவரிகளைப் படிக்க வேண்டியதில்லை. தன் பாட்டி பேரப்பிள்ளையை அதட்டும் குரலையே அவன் அங்கே கேட்கிறான். யானையோடு பேசும் மொழி தன் மொழியே என்பதை உணரும்போது, காடு பிறர்க்குரியது என்னும் எண்ணம் அவனிடமிருந்து நீங்கத் தொடங்குகிறது.

அடுத்த சிறப்பு மக்களைக் காட்டும் முறை. காட்டில் வாழ்வோரைக் காட்டின் பகைவராகவோ வியப்பிற்குரிய காட்சிப் பொருளாகவோ இப்படம் காட்டவில்லை. தேன் எடுப்பதும், வழிபடுவதும், கன்றைக் குளிப்பாட்டுவதும் ஒரே வாழ்வின் கூறுகளாக அமைகின்றன. விருதுக்குப் பின்னர்த் தமிழக அரசு முதுமலை, ஆனைமலை முகாம்களில் பணிபுரியும் 91 பேருக்குத் தலா ஒரு இலட்சம் ரூபாய் வழங்கியது. அவர்களுக்கு வீடு கட்டித்தரவும் நிதி ஒதுக்கியது. படம் காட்டிய மனிதர்களை அரசும் நாடும் திரும்பிப் பார்த்தன என்பதற்கு இது சான்று.

படத்தின் குறை

இத்துணைச் சிறப்பிருந்தும் ஒரு குறையைச் சுட்டாமல் விடலாகாது. இரகு ஏன் அனாதையானான்? வறட்சியில் உணவு தேடி ஊர்ப்பக்கம் வந்த அவன் தாய் மின்சாரம் தாக்கி இறந்தது. இச்செய்தியைப் படம் ஓரிரு சொற்களில் கூறிக் கடந்துவிடுகிறது. கன்றின் விளையாட்டிற்கும் கண்ணீருக்கும் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தாயின் சாவிற்குக் கிடைக்கவில்லை. படம் பார்த்த குழந்தை இரகுவின் பிரிவிற்காக அழுகிறது. அவன் தாயைக் கொன்றது எது என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வியோ அதுதான். முறையாக அமைக்கப்பட்ட மின்வேலியில் கணநேரமே நீடிக்கும் மின்துடிப்பு விட்டுவிட்டுப் பாய்கிறது. அது யானையை அச்சுறுத்தித் திருப்புமேயன்றிக் கொல்லாது. வீட்டு மின்கம்பியிலிருந்து நேரே இழுத்துக் கட்டப்படும் கள்ள வேலியில் மின்சாரம் இடையறாது பாய்கிறது; தொட்ட உயிர் மீள்வதில்லை. அத்தகைய வேலியை ஓர் ஏழை உழவன் ஏன் கட்டுகிறான்? ஓராண்டு உழைப்பை ஓர் இரவில் யானைக்கூட்டம் அழித்துவிடும் என்னும் அச்சத்தால் கட்டுகிறான். யானை ஏன் அவன் வயலுக்கு வருகிறது? அது தலைமுறை தலைமுறையாக நடந்த வழியில் ஊரும் சாலையும் எழுந்துவிட்டன. இக்காரணத் தொடரைக் காட்டாத அன்பு, பழைய படங்களுக்குக் கைதட்டிய அன்பினும் வெகுதூரம் செல்லாது.

பிற நாட்டுப் பாடங்கள்

ஆப்பிரிக்காவின் பட்டறிவும் இதனையே உணர்த்துகிறது. ஜெர்மானியரான பெர்னார்டு கிரிசிமெக் எடுத்த ‘செரெங்கெட்டி அழியலாகாது’ என்னும் படம் 1959இல் வெளிவந்து ஆஸ்கார் விருதும் பெற்றது. ஐரோப்பியர் உள்ளத்தில் அச்சமவெளி இடம்பெற்றது. அதே 1959ஆம் ஆண்டில், அங்குக் கால்நடை மேய்த்து வாழ்ந்த மாசாய் மக்கள் தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே செல்ல வேண்டியவராயினர். படம் அவர்கள் மண்ணைப் பற்றியது. ஆனால், அவர்களை நோக்கிப் பேசியதன்று. பல்லாண்டுகட்குப் பின், 1998இல், சைமன் டிரெவர் என்பார் கென்யாவில் ஒரு திரைப்பட அறநிறுவனத்தைத் தொடங்கினார். காட்டின் விளிம்பில் வாழ்வோர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் சுவாகிலி முதலிய அவர்கள் மொழிகளிலேயே படமெடுத்துக் காட்டுவது அதன் பணியாயிற்று. பயிரை மிதிக்கும் பகையாக மட்டுமே யானையை அறிந்த சிறுவன் அதன் குடும்ப வாழ்வை முதன்முறையாகக் காண்பது அத்தகைய திரையில்தான்.

இந்தியாவின் குஜராத்துக் கரையில் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. அங்குத் திமிங்கிலச் சுறாக்கள் பெருமளவில் கொல்லப்பட்டதை மைக் பாண்டே 2000இல் படமாக்கிக் காட்டினார். 2001இல் இந்திய அரசு அம்மீனைச் சட்டத்தால் காத்தது. ஆயினும் கடலில் வலை வீசுபவன் மீனவன். சட்டம் அவன் படகில் ஏறி வருவதில்லை. 2004இல் சமயச் சொற்பொழிவாளர் மொராரி பாபு மீனவரிடம் பேசினார்: பிள்ளைப்பேற்றிற்காகத் தாய்வீடு வரும் மகளே இம்மீன், அவளைக் கொல்லலாமா என்பது அவர் கருத்து. அக்கதை வீதி நாடகமாகவும் நடிக்கப்பட்டது. மீனை விடுவிக்க அறுத்த வலைக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது. கொன்ற கைகளே வலையை அறுத்து நூற்றுக்கணக்கான மீன்களை விடுவித்தன. படம் அரசின் கண்ணைத் திறந்தது. மக்களின் மனத்தைத் திறக்க அவர்தம் மொழியும், அவர்தம் உறவுமுறையும், அவர்தம் இழப்பிற்கு ஈடும் வேண்டியிருந்தன.

நம் நாட்டுச் சாலை

2025ஆம் ஆண்டு மே 11ஆம் நாள், அன்னையர் தினத்தன்று விடியற்காலையில், பேராக்கில் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஓர் யானைக்கன்று லாரியில் அடிபட்டு அதன் அடியில் சிக்கி இறந்தது. தாய் அவ்விடம் விட்டு அகலாமல் லாரியைத் தன் தலையால் முட்டி நின்ற காட்சியை அங்கிருந்தோர் கைப்பேசியில் பதிவு செய்தனர். நாடே அதனைக் கண்டு கலங்கியது. இயக்குநரும் இல்லை, இசையும் இல்லை, விருதும் இல்லை. எனினும் அச்சிறு காட்சி இன வேறுபாடின்றி மலேசியர் அனைவரையும் ஒரு நாளேனும் அழவைத்தது.

ஒரு நாளைக்குப் பின்? பெலும்–தெமெங்கோர் காட்டை ஊடறுத்துச் செல்லும் சாலை அது. அங்கு விரைவைக் குறைக்க வேண்டும், விலங்குகள் கடக்கும் வழிகளைக் காக்க வேண்டும் என்பவை அழுகையால் நிறைவேறுவன அல்ல. காலம் கடந்தால் நேர்வது என்ன என்பதும் நாம் அறிந்ததே. 2019ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சபாவில் இமான் என்னும் பெண் காண்டாமிருகம் இறந்தபோது, மலேசிய மண்ணில் சுமத்ரா காண்டாமிருகம் அற்றுப்போயிற்று. இனி நம் குழந்தைகள் அதனை இந்நாட்டில் படத்தில் மட்டுமே காண்பர். மலாயாப் புலிகளோ காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என 2022இல் அறிவிக்கப்பட்டது.

ஆசிரியரின் பங்கு

படம் விட்ட இடத்தை நிரப்ப வல்லவர் ஆசிரியரே. தமிழ்ப்பள்ளிகளில் ‘நான் ஓர் யானை’ எனத் தன்கதை எழுதும் வழக்கம் நெடுநாளாக உண்டு. காட்டில் பிறந்தேன், பிடிபட்டேன், கோயிலில் உழைத்தேன், முதுமையடைந்தேன் என்று அக்கதை ஒரே தடத்தில் செல்லும். இப்படத்தைக் கண்ட மாணவனிடம் இரகுவின் தாயாக நின்று தன்கதை எழுதச் சொன்னால் அத்தடம் மாறும். எனக்குப் பசித்தது, என் தாய் காட்டிய வழியில் நடந்தேன், அங்கே ஒரு கம்பி இருந்தது என்று அவன் எழுத நேரும். கிரிக் சாலையில் நின்ற தாயாகவும் அவன் எழுதலாம். லாரி ஓட்டுநராகவும், பயிரிழந்த உழவனாகவும் எழுதலாம். பல நிலையில் நின்று எழுதுபவன் ஒருவரைப் பழித்து அமைதியடைய மாட்டான்; காரணத்தைத் தேடுவான்.

நம் காட்டின் பொம்மனும் பெள்ளியும் யாவர் என்னும் வினாவையும் எழுப்பலாம். பெலும் காட்டில் வாழும் ஜஹாய் பூர்வகுடி இளைஞர் சிலர் காவல் அணியாகச் சுற்றிப் புலிக்கு வைத்த கண்ணிகளை அகற்றி வருகின்றனர். அவர்களைப் பற்றி நம் மாணவர் அறிந்தது மிகக் குறைவு. யானைகளைக் காண விழைவோர்க்குப் பகாங்கில் கோலகண்டா யானைகள் காப்பகம் உண்டு. கிள்ளான் மாணவனுக்கு அவ்வளவு தொலைவுகூட வேண்டியதில்லை. கோலசிலாங்கூரில் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிர்கின்றன. மரம் வெட்டப்பட்டால் ஒளியும் மறையும் என்பதை ஒரே மாலைப்பொழுதில் அவன் கண்ணாற் காணலாம்.

பெருங்கடுங்கோ நீரின்றி வாடிய காட்டைக் காட்டிய பின்னரே களிற்றின் அன்பைக் காட்டினார். வறட்சியை அறிந்தவனுக்கே அவ்வன்பின் அருமை விளங்கும். தெப்பக்காட்டுப் படம் அன்பை அழகுறக் காட்டியது. காட்டின் வாட்டத்தைக் காட்டும் பணியை நமக்கு விட்டுவைத்தது. திரை அணைந்து வகுப்பறையில் விளக்கு எரியும்போது, கண்ணைத் துடைத்துக்கொள்ளும் மாணவனிடம் ஆசிரியர் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே: இரகுவின் தாய் ஏன் ஊருக்குள் வந்தது?