தூங்க மறுத்த ரோவர்

2004 ஜனவரி 21. செவ்வாயில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத ஸ்பிரிட் ரோவரின் பேச்சு குழறியது. இரவில் உறங்க வேண்டிய வண்டி, விடிய விடிய ரீபூட் ஆகி பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருந்தது.

சிக்கல் ஃபிளாஷ் நினைவகத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் சிப் பழுதாகவில்லை. பயணத்தின்போதே சேர்ந்த பழைய ஃபைல்கள் பரணில் போட்ட சாமான்கள்போலக் குவிந்துகிடந்தன. பூட் ஆகும்போதெல்லாம் அவற்றின் பட்டியலை ரேமில் ஏற்ற வேண்டும். இடம் போதாது, மறுபடி ரீபூட்.

நாசாவின் ஜேபிஎல் பொறியாளர்களின் வைத்தியம்தான் அழகு. ‘ஃபிளாஷைத் தொடாமலே எழுந்திரு’ என்று கட்டளை அனுப்பினார்கள். ரேமையே தற்காலிக டிஸ்க்காக்கிக்கொண்டு ரோவர் எழுந்தது. பிறகு நிதானமாகக் குப்பை அகற்றல், கடைசியில் ஃபார்மட். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லாமல்!

90 செவ்வாய் நாளுக்கென அனுப்பிய அந்த வண்டி, 2010 மார்ச் வரை பேசியது.