உளவியல் படிக்க ஊர் தடையா?

2025 ஆகஸ்டில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. பிளஸ் டூ முடித்து மூன்று வருஷம் ஆகிறது. தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. உளவியல் சேர்வதற்குச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்தாள். "அண்ணா, இனிமே சைக்காலஜி கரஸ்ல படிக்க முடியாதாமே, நிஜமா?" என்று கேட்டாள்.

நிஜம்தான். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உணவு ஊட்டச்சத்து போன்ற படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் இவை வருகின்றன என்பதுதான் காரணம். பி.ஏ. பட்டத்தில் பல பாடங்களில் ஒன்றாக உளவியல் இருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட வேண்டும். வரலாறும் பொருளாதாரமும் இருக்கலாம், உளவியல் கூடாது.

முதலில் எதிர்த்தரப்பு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது சின்ன நியாயம் இல்லை. மனம் உடைந்து ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எதைக் கேட்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது, எந்த இடத்தில் 'இது என்னால் ஆகாது, மனநல மருத்துவரிடம் போங்கள்' என்று சொல்வது, இதெல்லாம் தபாலில் வரும் புத்தகத்திலிருந்து வராது. தெரிந்தவர் மேற்பார்வையில் பல நூறு மணி நேரம் பழக வேண்டியது. டிகிரியை வாங்கிய மறுவாரமே 'கவுன்சிலர்' என்று போர்டு மாட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதைத் தடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆனால் உளவியல் என்பது சிகிச்சை மட்டுமா? கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இல் இந்தியாவின் முதல் உளவியல் துறை தொடங்கியபோது அதன் பெயரே சோதனை உளவியல் துறை. நினைவு எப்படி வேலை செய்கிறது, குழந்தை எப்படிக் கற்கிறது, கூட்டத்தில் ஒருவர் ஏன் மாறிப்போகிறார் என்று கேட்கிற அறிவியல் அது. சிகிச்சை அதன் ஒரு கிளை. ஒரு கிளைக்கு வேண்டிய கட்டுப்பாட்டை மரத்துக்கே போட்டிருக்கிறார்கள்.

இளநிலையிலேயே உயர்நிலை உளவியல் படிப்பது என்றால் என்ன என்பதற்கு ஒரு உதாரணம். மார்ஷ்மெல்லோ சோதனையை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் குழந்தைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, கொஞ்ச நேரம் தின்னாமல் பொறுத்திருந்தால் இரண்டு தருவதாகச் சொன்னார். பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் படிப்பில் நன்றாக வந்தார்கள் என்று 1990-இல் ஒரு கட்டுரை வந்தது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இதை இன்றைக்கும் விடவில்லை.

2018-இல் வாட்ஸ், டங்கன், குவான் என்ற மூவர் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்து மறுபடி பார்த்தார்கள். தொடர்பு இருந்தது, ஆனால் பழைய அளவில் பாதிதான். குடும்பப் பின்னணியையும் குழந்தையின் ஆரம்பகாலத் திறனையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டது. வீட்டில் நாளைக்கும் தின்பண்டம் இருக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பொறுமை சுலபம்தானே.

முதல் கட்டுரையை மனப்பாடம் செய்வது சாதாரண உளவியல். இரண்டாவது கட்டுரையின் அட்டவணையைத் திறந்து, எந்த மாறியைச் சேர்த்தபோது எண் சரிந்தது என்று பார்ப்பது உயர்நிலை உளவியல். இதற்கு வேண்டியது புள்ளியியல், பொறுமை, ஒரு லேப்டாப். பொறியியல் படித்த நான் இதை உத்திரமேரூரில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

தொலைநிலைப் படிப்புகளையும் நான் புகழப்போவதில்லை. என் கைக்கு வந்த பழைய கேள்வித்தாள்களில் பாதி 'வரையறு', மீதி 'சிறு குறிப்பு வரைக'. பியாஜேயின் நான்கு கட்டங்களை வரிசையாக எழுதினால் மார்க். அவர் எத்தனை குழந்தைகளை, எந்த ஊரில் பார்த்தார் என்று கேள்வியே இல்லை. ஆனால் நேர்வகுப்பிலும் இதே கதைதான் என்று அங்கே படித்த நண்பர்கள் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் இருக்கிற நோய்க்கு ஒரு இடத்தை மட்டும் மூடுவது என்ன வைத்தியம்?

இதில் பெரிய இழப்பு வேறு. உளவியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய, படித்த, வசதியான மனிதர்களை, அதிலும் கல்லூரி மாணவர்களை வைத்தே நடந்தவை என்று 2010-இல் ஹென்ரிக்கும் சகாக்களும் சுட்டிக்காட்டினார்கள். இங்கே துர்கானந்த் சின்ஹா அதற்கு வெகு முன்னாலேயே, கடன் வாங்கிய கோட்பாடுகளை நம் மக்கள் மேல் அப்படியே பொருத்துவதை விமர்சித்துக்கொண்டிருந்தார். எழுத்தறியாதவர்களுக்கும் பொருந்தும்படி சி.எம். பாட்டியா 1955-இல் ஒரு நுண்ணறிவுத் தேர்வையே உருவாக்கினார். அப்படிப்பட்ட கேள்விகள் யாருக்குத் தோன்றும்? இரவு ஷிப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே ஊர் திரும்புகிறவளுக்குத் தூக்கத்தைப் பற்றியும் கவனத்தைப் பற்றியும் கேட்க நிறைய இருக்கும். நகரத்துக் கல்லூரியில் தினமும் வகுப்புக்குப் போக முடிகிறவர்கள் மட்டும் உளவியல் படித்தால், ஏற்கெனவே குறுகிய மாதிரி இன்னும் குறுகும். இந்த முறை ஆய்வாளர் பக்கத்திலும்.

செய்திருக்க வேண்டியது சிக்கலானது இல்லை. பட்டத்தை இரண்டாகப் பிரிக்கலாம். உளவியல் அறிவியல் என்ற பட்டம் தொலைநிலையில் இருக்கட்டும், ஆனால் அதை வைத்துச் சிகிச்சை தர உரிமை இல்லை என்று சான்றிதழிலேயே அச்சடிக்கட்டும். செய்முறைக்கு வருஷத்துக்கு இரண்டு வாரம் காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ நேரில் வரச்சொல்லட்டும். இரண்டு வாரம் லீவு போட முடியும். மூன்று வருஷம் போட முடியாது.

எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலி நிலம் வேண்டும் என்று தகுதி சொல்லும் அதே கல்வெட்டு, படிப்பு இருந்தால் அரைக்கால் வேலியே போதும் என்கிறது. அந்தப் படிப்பும் ஒரு சிலருக்கே என்று இருந்த காலம், அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் இல்லாமையைப் படிப்பு ஈடுகட்டும் என்ற நினைப்பு அதில் இருக்கிறது. இன்றைய விதி தலைகீழ். கையில் நேரமும் பக்கத்தில் கல்லூரியும் இருந்தால்தான் இந்தப் படிப்பு.

அந்தப் பெண் இப்போது தொலைநிலையில் வேறு பாடம் எடுத்துச் சேர்ந்துவிட்டாள். இக்னோவின் உளவியல் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை இறக்கிக் கொடுத்தேன். வார லீவு அன்று புள்ளியியல் பார்க்கிறோம். போன வாரம் திட்டவிலக்கம் முடித்தோம். "இதுக்கெல்லாம் சர்டிபிகேட் வராதுல்லண்ணா?" என்று கேட்டாள். வராதும்மா என்றேன். அடுத்த கணக்கைப் போட ஆரம்பித்தாள்.