மக்கர் பண்ணும் பழைய பிஸ்டல்கள்: யார் மேல் பழி?

பழைய செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்கள் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று தீர்ப்புகள் எப்போதும் தயாராக இருக்கும். ஜெர்மானிய லூகர் அழகு, ஆனா சிக்கிக்கும். அமெரிக்க கோல்ட் 1911 எதையும் தாங்கும். ஜப்பானிய டைப் 94 உலகத்திலேயே மோசம். ஆவணப்படம், யூடியூப், எங்கே போனாலும் இதே பாட்டுதான்.

நான் துப்பாக்கி சுட்டவன் இல்லை. வெட்டுத்தோற்றப் படங்களைப் பார்த்து, இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்வதில் ஒரு ஆசை, அவ்வளவுதான். அந்த ஆசையோடு பார்த்ததில் எனக்கு ஒரு புகார் உண்டு. வயதால் வரும் கோளாறு, பொருந்தாமையால் வரும் கோளாறு, வடிவமைப்பிலேயே இருக்கும் கோளாறு மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள்.

முதலில் இயக்கம். தோட்டா வெடித்ததும் எழும் பின்னுதைப்பே மிச்ச வேலையெல்லாம் செய்யணும். காலி உறையைப் பிடுங்கி வெளியே எறியணும், ஸ்பிரிங்கை அழுத்தணும், திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளி அறைக்குள் ஏற்றணும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா மேலே வரத் தாமதமாகும். மேகசினின் உதடுகள் வளைந்தால் தோட்டாவின் மூக்கு தப்பான இடத்தில் முட்டும். உறையைப் பிடுங்கும் எக்ஸ்ட்ராக்டரின் பிடி தளர்ந்தால் காலி உறை உள்ளேயே மாட்டிக்கும். இது எந்தக் கம்பெனி பிஸ்டலுக்கும் பொது.

இப்போ கோல்ட் 1911. 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் 6000 ரவுண்டுகள் சுட்டும் ஒரு கோளாறும் வரவில்லை. சூடானால் தண்ணீரில் முக்கி எடுத்துத் திரும்பவும் சுட்டார்கள். அந்தப் புகழ் நியாயமானதே. ஆனால் 1985இல் அமெரிக்க ராணுவம் பெரெட்டாவுக்கு மாறியபோது வீரர்கள் கையில் இருந்த 1911கள் இரண்டாம் உலகப்போர் காலத்துத் தயாரிப்புகள். நாற்பது வயதைத் தாண்டியவை. குலுக்கினால் கடகடவென்று ஆடும். அதன் எக்ஸ்ட்ராக்டர் தானே ஸ்பிரிங்காகவும் வேலை செய்யும் ஒரு நீளமான எஃகுத் துண்டு. வருடக்கணக்கில் அதன் இறுக்கம் குறையும். மேலும் அந்தப் பழைய துப்பாக்கிகள் உருண்டை மூக்குத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை. பிற்காலத்துக் குழிமூக்குத் தோட்டாவைப் போட்டால் ஏறும் வழியில் தடுக்கும். இருந்தும் 1911 சிக்கினால் ‘வயசாச்சு, பாவம்’ என்கிறோம்.

லூகர் சிக்கினால் மட்டும் ‘டிசைனே சரியில்லை’ என்கிறோம். ஏன்?

லூகரில் பின்புறம் மடங்கும் ஒரு முழங்கால் இருக்கிறது. குழலோடு சேர்ந்து சற்றுப் பின்னால் போனதும் சட்டத்தின் சரிவில் மோதி, மேல்நோக்கி மடங்கும். இது வேகமான இயக்கம். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மேகசின் ஸ்பிரிங் முறுக்காக இருக்கணும், தோட்டாவுக்கும் போதுமான பலம் வேணும். வலுக்குறைந்த தோட்டா போட்டால் முழங்கால் முழுசாக மடங்காது. போதாததற்கு, பாகங்கள் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகப் பொருத்தப்பட்டவை. சின்னப் பாகங்களில்கூட வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களைக் குத்தியிருப்பார்கள். நூறு வருஷம் கழித்து நாலு துப்பாக்கியின் பாகங்களைக் கலந்து மாட்டிவிட்டு, ‘பாருங்க, சிக்குது’ என்றால் எப்படி?

எனக்கு முக்கியமாகப் படும் சாட்சி சுவிட்சர்லாந்து. அந்த ராணுவம் லூகரை 1900இல் ஏற்றது. 1949இல்தான் அடுத்த மாடலுக்கு அதிகாரபூர்வமாக மாறியது. வடிவமைப்பு அடிப்படையில் தேறாதது என்றால் அரை நூற்றாண்டு வைத்திருக்க மாட்டார்கள். முதல் உலகப்போரின் பதுங்குகுழிச் சேறும், 32 தோட்டா பிடிக்கும் நத்தை வடிவ மேகசினும் லூகருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததில் பெரும் பங்கு வகித்தன. அதற்காக லூகர் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. சேறு புக இடம் கொடுத்ததும், கைப்பொருத்தம் கேட்டதும் நிஜமான பலவீனங்கள்தான்.

டைப் 94 வேறு கதை. சுத்தியலை விடுவிக்கும் தண்டு இடது பக்கம் வெளியே தெரிகிறது. தோட்டா ஏற்றி, சுத்தியல் பின்னால் இழுபட்டு, சேஃப்டியும் விலகியிருந்தால், அந்தத் தண்டை அழுத்தினாலே சுட்டுவிடக்கூடும். ட்ரிகரைத் தொடவே வேண்டாம். புத்தம் புதிய துப்பாக்கியிலும் இது உண்டு. ஸ்பிரிங் மாற்றினால் தீராது. ஆனால் திட்டுகிறவர்கள் இதோடு 1945இன் கரடுமுரடான தயாரிப்பையும் சேர்த்துத் திட்டுகிறார்கள். கரடுமுரடு போர் நெருக்கடியின் விளைவு. வெளியே நீட்டிய தண்டோ 1934இல் ஏற்கப்பட்ட வடிவமைப்பிலேயே இருந்தது. இரண்டையும் கலந்தால் உண்மையான குற்றம் சத்தத்தில் அமுங்கிப்போகும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? சாஃப்ட்வேரிலும் இதைத்தான் செய்கிறோம். நமக்குப் பிடித்த சிஸ்டம் விழுந்தால் ‘சர்வர் பழசு’. பிடிக்காதது விழுந்தால் ‘எழுதினவன் சரியில்லை’. ரெண்டுக்கும் நடுவில், நிஜமாகவே ஆபத்தான ஒரு வடிவமைப்பு, ‘பயன்படுத்துறவர் கவனமா இருக்கணும்’ என்ற ஒரு வரியோடு தப்பித்துவிடும். டைப் 94ஐ இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவருக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த முறை ஒரு பழைய பிஸ்டல் வீடியோவில் சிக்கினால், தீர்ப்புக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மேகசினுக்கு என்ன வயசு? தோட்டா அந்தத் துப்பாக்கிக்கானதுதானா? பாகங்களின் எண்கள் ஒத்துப்போகின்றனவா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தபிறகும் சிக்கினால், தாராளமாக வடிவமைத்தவரைத் திட்டலாம்.